வட்டிக் கடன் இல்லாமல் ஒரு மேற்படிப்பு: நீரையும் நிலத்தையும் காக்கும் பொறியியல்





அல்ஹம்துலில்லாஹ், நம் ஊர்ப் பிள்ளைகளில் பி.இ., பி.டெக். வரை படிப்பவர்கள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் முன் இரண்டு பாதைகள்தான் தெரிகின்றன. ஒன்று ஓசூர், பெங்களூரு, சென்னை. இன்னொன்று வளைகுடா. "மேலே எம்.இ. படிக்கட்டுமா அத்தா?" என்று பிள்ளை கேட்டால், வீட்டில் இரண்டு பதில்கள் வரும். "பணத்துக்கு எங்கே போவது?" என்பது ஒன்று. "அதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்பது மற்றொன்று.

இரண்டும் நியாயமான கேள்விகளே. ஒரு குறிப்பிட்ட படிப்பை எடுத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறோம். ஆங்கிலத்தில் 'சஸ்டெயினபிள் இன்ஜினியரிங்' என்பார்கள். தமிழில் நீடித்த வளர்ச்சிக்கான பொறியியல் எனலாம். இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளை வரும் பிள்ளைகளின் நீரையும் நிலத்தையும் காற்றையும் கெடுக்காமல் நிறைவேற்றுவது எப்படி என்பதே இந்தப் படிப்பு.

நம் மாவட்டத்துத் தண்ணீரே முதல் பாடம்

இந்தப் படிப்பைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நம் மாவட்டத்தில் பல ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல் துலக்காததால் வந்தது என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டுவோரும் உண்டு. அது துலக்கினால் போகும் கறை அல்ல. நிலத்தடி நீரில் அளவுக்கு மேல் இருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பின் விளைவு. பல்லோடு நிற்பதும் இல்லை. அதிக ஃபுளோரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. நம் பகுதியின் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைகிறது. மழைநீர் இறங்காமல் போர்வெல்லை மட்டும் ஆழப்படுத்திக்கொண்டே போனால் இந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால், மீதியுள்ள நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

சரி, தீர்வு என்ன? வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. கருவி வைக்கலாம். ஆனால் அவற்றில் பல, குடிக்கத் தரும் நீரைவிட அதிகமான நீரைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. நீக்கப்பட்ட ஃபுளோரைடும் அந்தக் கழிவு நீரோடு மண்ணுக்கே திரும்பிப் போகிறது. நாக்பூரிலுள்ள 'நீரி' என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் ஒரு முறையை உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர். செலவு குறைவு. ஆனால் படிந்த சகதியைப் பாதுகாப்பாக எங்கே கொட்டுவது என்ற கேள்வி நிற்கிறது.

மூன்றாவது வழிதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம். ஜப்பான் நாட்டு நிதி நிறுவனத்தின் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீரைச் சுத்திகரித்து, மேடேற்றி, குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவருகிறது. பெரிய நன்மை. அதே நேரத்தில், நாள்தோறும் அவ்வளவு நீரை மேலே தள்ள மின்சாரம் வேண்டும். நெடுந்தூரக் குழாயைக் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும்.

மூன்று தீர்வுகளுக்கும் நன்மையும் உண்டு, விலையும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு எந்த ஊருக்கு எது சரி? எங்கே இரண்டைச் சேர்த்துச் செய்யலாம்? ஏரி, கிணறு, மழைநீரைக் கொண்டு போர்வெல் நீரின் தன்மையை மாற்ற முடியுமா? மின்சாரம், கழிவு, பராமரிப்பு, மக்கள் உடல்நலம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறையின் பொறியாளர்.

ரயிலேறினால் இரண்டாவது பாடம்

பொம்மிடியில் சென்னைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் ஜோலார்பேட்டை தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் வரும். நம்மில் பலருக்கு அங்கே சம்பந்தி வீடுகள் உண்டு. தோல் தொழிலால் வாழ்ந்த, வாழ்கிற ஊர்கள் அவை. முஸ்லிம் சமுதாயத்தின் கல்விக்கூடங்கள் பல அந்தத் தொழில் தந்த வருமானத்தில் எழுந்தவை.

அந்தத் தொழிலே பாலாற்றையும் கெடுத்தது என்ற உண்மையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். அந்த நீர் உப்பும் குரோமியமும் கலந்து வெளியேறும். விவசாயிகளும் பொதுமக்களும் வழக்குத் தொடுத்தனர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தியா முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் அது எடுத்துக்காட்டப்படுகிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரும்படி மீண்டும் உத்தரவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை முடியவில்லை என்று பொருள்.

தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போயின. ஒரு சொட்டும் வெளியே விடாத முறையும் வந்தது. நீரை மீட்டுவிட்டார்கள். மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்பது இன்னும் பெரிய கேள்வி. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நீரில்லாமல் குரோம் பதனிடும் முறையைக் கண்டறிந்துள்ளது.

தொழிலை மூடினால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ரிஸ்க் போகும். மூடாமல் அப்படியே விட்டால் ஆறு போகும். இரண்டையும் காப்பாற்றும் வழியைக் கண்டுபிடிப்பவர் நம் பிள்ளைகளில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சேலம், தருமபுரி பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகளைப் பாருங்கள். அவற்றின் கழிவுநீர் புளித்து நாறும். அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும். அதைக் கொண்டு ஆலையின் எரிபொருள் செலவைக் குறைக்கலாம். பல ஆலைகள் இதைச் செய்கின்றன. கழிவு என்று தள்ளியது வரவாக மாறுகிறது.

பள்ளிவாசல் ஹவ்ளில் ஒரு கணக்கு

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவான செய்தி. ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்கும் உட்பட்ட அளவு. நாம் குழாயைத் திறந்துவைத்து உளூச் செய்யும்போது 5 லிட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வேளையும் சேர்த்து 300 பேர் உளூச் செய்யும் பள்ளியில் ஒரு நாளைக்கு 1,500 லிட்டர். மாதத்துக்கு 45,000 லிட்டர்.

இந்த நீரில் மலமோ ரசாயனமோ இல்லை. கரி, மணல், ஜல்லி வழியே வடிகட்டினால் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மணல் மாற்ற வேண்டும், செலவு எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதை ஒரு மாணவர் கணக்கிட்டால் அது தரமான கல்லூரி புராஜெக்ட். வீண்விரயம் கூடாது என்று நாம் ஜும்ஆவில் கேட்கும் போதனை, இந்தப் படிப்பில் கணக்காகவும் வரைபடமாகவும் மாறுகிறது.

எந்தப் பெயரில் இந்தப் படிப்பு இருக்கிறது?

'சஸ்டெயினபிள் இன்ஜினியரிங்' என்ற பெயரை மட்டும் தேடினால் நம் மாநிலத்தில் அதிகம் அகப்படாது. சுற்றுச்சூழல் பொறியியல், எரிசக்திப் பொறியியல், நீர்வளப் பொறியியல், பசுமை எரிசக்தித் தொழில்நுட்பம் என்ற பெயர்களில் தேட வேண்டும்.

சென்னை கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சுற்றுச்சூழல், எரிசக்தி, நீர்வளம் ஆகிய துறைகளில் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் சுற்றுச்சூழல் பொறியியல் உள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் சிவில் துறையில் சுற்றுச்சூழலும் நீர்வளமும் சேர்ந்த பிரிவு இயங்குகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பசுமை எரிசக்தித் தொழில்நுட்பம் படிக்கலாம்.

சிவில், கெமிக்கல், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், பயோடெக்னாலஜி படித்தவர்கள் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் வர முடியும். எந்த இளநிலைப் பட்டத்துக்கு எந்த முதுநிலை என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பி.எஸ்ஸி. படித்தவர்கள் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் வழியே இத்துறைக்கு வரலாம்.

பணத்துக்கு எங்கே போவது?

இக்கட்டுரையில் நீங்கள் மறக்காமல் நினைவில் வைக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

எம்.இ., எம்.டெக். சேர இரண்டு நுழைவுத் தேர்வுகள் உள்ளன. ஒன்று தமிழ்நாட்டுக்கானது. முன்பு டான்செட் என்றிருந்தது, 2023 முதல் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 'சீட்டா' என்ற பெயரில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. மற்றொன்று அகில இந்திய அளவிலான 'கேட்' தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்துகின்றன.

சீட்டா மூலம் இடம் கிடைக்கும். கேட் மூலம் இடமும் கிடைக்கும், மாதாந்திர உதவித்தொகையும் கிடைக்கும். கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ., எம்.டெக். சேரும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் அரசு உதவித்தொகை. இரண்டு ஆண்டுக்கு, அதாவது 24 மாதத்துக்கு, 2,97,600 ரூபாய். இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை, வட்டி என்ற பேச்சே இல்லை.

விடுதி, சாப்பாடு, புத்தகம் என்ற மாதச் செலவை இந்தத் தொகையில் சிக்கனமாக இருக்கும் பிள்ளை சமாளித்துவிடலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சேர்ந்த மாதமே பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கல்லூரி சரிபார்த்து அனுப்பி, வங்கிக் கணக்கில் வந்து சேர மாதங்கள் ஆகலாம். இரண்டாவது, ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். நம் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வட்டிக் கடைக்கும் நகை அடகுக்கும் போவதும் இந்த இடத்தில்தான்.

இதற்கு ஜமாஅத் அளவில் ஒரு வழி உண்டு. முதல் செமஸ்டர் கட்டணத்தை பைத்துல்மாலிலிருந்து கர்ளே ஹஸனாவாக, அதாவது வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, உதவித்தொகை வரத் தொடங்கியதும் மாணவர் தவணையாகத் திருப்பிச் செலுத்தலாம். திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒரே தொகை பல பிள்ளைகளைப் படிக்க வைக்கும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்த வழியும் உண்டு. விவரத்தை இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் அறக்கட்டளை இதை ஒரு நிலையான திட்டமாக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள்.

டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. குறைவானாலும் அதில் வட்டி உண்டு என்பதைத் தெரிந்தே முடிவெடுங்கள். மார்க்கச் சட்டம் குறித்து ஆலிம்களிடம் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய செய்திகளை நம்ப வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஆய்வுப் படிப்புக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லும் தகவல் இன்னும் சுற்றுகிறது.

கேட் தேர்வு எப்படி இருக்கும்?

கணினியில் எழுதும் தேர்வு. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறன். மீதி கணிதமும் பாடமும். பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். பெண்களுக்குக் கட்டணம் பாதிதான்.

சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கு 2021 முதல் தனித் தாள் வந்துள்ளது. சிவில் படிப்பவர்கள் சிவில் தாளை விட்டுவிட்டு இதை மட்டும் எழுத வேண்டாம். சிவில் தாளுக்குக் கல்லூரி வாய்ப்புகள் அதிகம், பொதுத்துறை நிறுவன வேலைக்கும் அது உதவும். அனுமதிக்கப்பட்ட இணைகளில் இரண்டு தாள்கள் எழுதலாம் என்பதால் இரண்டையும் எழுதுவது நல்லது.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாக உள்ளன. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முழுவதுமாகத் தீர்த்துப் பார்ப்பதே பெரிய பயிற்சி.

சான்றிதழில் ஏமாறாதீர்கள்

நல்ல மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் சரியில்லாமல் இடத்தை இழப்பது வேதனையானது. இங்கே இரண்டு வேறு சான்றிதழ்கள் உண்டு.

தமிழ்நாடு அரசுக் கலந்தாய்வுக்கு பி.சி.எம். எனப்படும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழ். 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், அன்சார், துதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய பிரிவினர் இதில் வருவர். சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. பிரிவின் பெயர் இருக்க வேண்டும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் கேட் தேர்வுக்கும் பி.சி.எம். சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. 'நான்-கிரீமி லேயர்' சான்றிதழ் வேண்டும். உங்கள் பிரிவு மத்திய அரசுப் பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய். அதைக் கணக்கிடும் முறையில் சில விதிவிலக்குகள் உள்ளதால் இ-சேவை மையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். அப்போது ஓடுவதைவிட ஜூலையிலேயே வாங்கி வைப்பது நல்லது. ஓ.பி.சி. பிரிவினருக்குக் கேட் தகுதி மதிப்பெண் பொதுப் பிரிவைவிடச் சற்றுக் குறைவு. எனவே இந்த ஒரு தாள் பல மாணவர்களுக்கு உதவித்தொகையையே தீர்மானிக்கும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'முஹம்மது', இன்னொன்றில் 'முகமது', மூன்றாவதில் 'எம்.டி.' என்றிருந்தால் உதவித்தொகை வருவதில் சிக்கல் வரும்.

வெளிநாட்டில் படிக்க

வளைகுடா என்றால் வேலைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். சவூதியில் ஜித்தாவுக்கு வடக்கே துவல் என்ற இடத்தில் 2009இல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் மட்டுமேயான நிறுவனம். சுற்றுச்சூழல் பொறியியல் அங்கே உள்ளது. இடம் கிடைத்தவருக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் மாத உதவித்தொகையும் உண்டு. ஆண், பெண் இருவரும் படிக்கலாம். போட்டி கடுமை. நல்ல மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, ஒரு ஆய்வுத் திட்ட அனுபவம் இருந்தால் முயலலாம். அபுதாபியின் கலீஃபா பல்கலைக்கழகமும் இத்துறையில் பெயர் பெற்றது. நீடித்த வளர்ச்சிக்கென்றே தொடங்கப்பட்ட மஸ்தார் கல்வி நிறுவனம் 2017இல் அதோடு இணைந்தது.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை விசாவுக்கு முன்பே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேல். "இலவசம்" என்று சொல்லும் முகவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டில் முதுநிலை படிக்கும் முஸ்லிம் மாணவர்கள் 10 பேருக்குத் தலா 36 இலட்சம் ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26இல் அறிவித்தது. இடங்கள் குறைவு. ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகள் பற்றி

பி.இ.யில் நன்றாகப் படிப்பவர்களில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் படிப்பு முடிந்ததும் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது. இந்தத் துறையில் ஆய்வகம், நீர்ப் பரிசோதனை, வடிவமைப்பு, அறிக்கை தயாரிப்பு, கற்பித்தல் எனப் பலவகைப் பணிகள் உள்ளன. அரசுக் கல்வி நிறுவனங்களில் வளாகத்துக்குள்ளேயே மகளிர் விடுதி இருக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நிக்காஹ் பேச்சு நடக்கும் வீட்டிலும் கேட் எழுத வையுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி, திருமணத்துக்குப் பிறகும் சேர வழி திறந்திருக்கும்.

படித்து என்ன ஆகும்?

உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். எம்.இ. முடித்த மறுநாள் பெரிய சம்பளம் என்று யாரும் உறுதி தர முடியாது. தொடக்கத்தில் கணினி நிறுவன வேலையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பி.இ.யிலேயே அரியர் வைத்திருப்பவர், வேலை கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாண்டைத் தள்ளிப்போட நினைப்பவர், வீட்டில் உடனடி வருமானம் அவசியப்படுபவர் ஆகியோருக்கு இது ஏற்ற பாதை அல்ல. கேட் உதவித்தொகை இல்லாமல், பெரும் கட்டணம் கட்டி, பெயருக்கு நடக்கும் கல்லூரியில் சேர்வதும் வேண்டாம்.

ஆனால் தேவை கூடிவருகிறது. பங்குச் சந்தையிலுள்ள முதல் 1,000 பெரிய நிறுவனங்கள் தங்கள் நீர், மின்சாரம், கழிவு, புகை பற்றிய கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட் போன்ற இறக்குமதிகளுக்குக் கார்பன் வரியை நடைமுறைப்படுத்துகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2050க்குள்ளும் சவூதி 2060க்குள்ளும் நிகர கார்பன் உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக அறிவித்துள்ளன. இந்தக் கணக்குகளைப் போடவும் சரிபார்க்கவும் ஆட்கள் தேவை.

ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையங்கள், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், எரிசக்தித் தணிக்கை, குடிநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கல்லூரி ஆசிரியப் பணி என்று வாய்ப்புகள் பரவியுள்ளன. அரசு வேலை குறிக்கோளாக இருந்தால், முந்தைய நியமன அறிவிப்பில் எந்தப் பட்டம் கேட்டார்கள் என்று பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஆய்வுப் படிப்புக்குப் போனால் தேசிய அளவிலான ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய்.

இப்போது செய்ய வேண்டியது

பி.இ. இரண்டாம் ஆண்டில் இருப்பவர்: கணிதத்தையும் அடிப்படைப் பாடங்களையும் விட்டுவிடாதீர்கள். கேட் அங்கிருந்துதான் கேட்கிறது.

மூன்றாம் ஆண்டில் இருப்பவர்: ஓ.பி.சி. சான்றிதழ் வாங்குங்கள். ஒத்திகையாக ஒருமுறை கேட் எழுதிவிடுங்கள். கோடை விடுமுறையில் ஊர்ப் போர்வெல்களின் நீரைப் பரிசோதித்து ஒரு சிறு அறிக்கை எழுதுங்கள். பிற்காலத்தில் நேர்முகத் தேர்வில் அது பேசும்.

நான்காம் ஆண்டில் இருப்பவர்: கேட், சீட்டா இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். மார்ச்சில் கேட் முடிவு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஐ.ஐ.டி.க்கு ஒரு வழி, என்.ஐ.டி.க்கு ஒரு வழி, தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இன்னொரு வழி என்று தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். தேதி தவறினால் மதிப்பெண் இருந்தும் இடம் போய்விடும்.

பெற்றோர்: "பணம் எங்கே?" என்ற கேள்வியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். "கேட் எழுதினாயா?" என்ற கேள்வியோடு தொடங்குங்கள். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது.

தண்ணீர் அல்லாஹ்வின் அமானிதம். நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் அந்தக் கறை இல்லாத ஒரு நாளுக்காக உழைப்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவராக இருந்தால், அது படிப்பாகவும் ஆகும், சதக்கத்துல் ஜாரியாவாகவும் ஆகும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான பொருளாதாரத்தையும், பிறருக்கு உதவும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.